பாம்புக்கடி ஊசிக்குப் பின்னால் ஒரு கடப்பாரை

பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? கட்டைவிரல் உயரம் இருக்கும். உள்ளே வெள்ளையாக, கற்பூரத்தை நுணுக்கிப் போட்ட மாதிரி ஒரு தூள். அதில் 10 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்து, குளுக்கோஸ் பாட்டிலோடு சேர்த்து ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இதை ஏ.எஸ்.வி. என்பார்கள். குப்பியில் ஒட்டிய சீட்டில் நான்கு பாம்புகளின் பெயரும், ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு எண்ணும் இருக்கும். நல்ல பாம்புக்கு 0.6, கட்டுவிரியனுக்கு 0.45, கண்ணாடி விரியனுக்கு 0.6, சுருட்டை விரியனுக்கு 0.45. ஒரு மில்லி மருந்து அந்தப் பாம்பின் விஷத்தில் அத்தனை மில்லிகிராமை முறிக்கும் என்று அர்த்தம்.

இந்த மருந்தைச் செய்ய முதலில் விஷம் வேண்டும். விஷத்துக்குப் பாம்பு வேண்டும். பாம்பை யாராவது வயலில் தேடிக் கண்டுபிடித்து, உயிரோடு, பல் உடையாமல் பிடித்து வர வேண்டும். பல வருஷமாக அந்த வேலையைச் செய்துவருபவர்கள் செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்கள். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு, மாமல்லபுரத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் வடநெம்மேலி என்ற ஊரிலிருந்து போயிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலைப் பண்ணைக்குப் போனவர்கள் அதே வளாகத்தில் பாம்புப் பண்ணையையும் எட்டிப் பார்த்திருப்பார்கள். டிக்கெட் வாங்கி, குழியைச் சுற்றி நின்று, விஷம் எடுப்பதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். ராத்திரி பாயில் படுத்த பிள்ளையின் உயிருக்கும் அந்தக் குழிக்கும் உள்ள தொடர்பு அந்த நேரத்தில் தோன்றியிருக்காது. எனக்கும் முதல் தடவை தோன்றவில்லை.

தோலுக்காகப் பிடித்த காலம்

இருளர் என்றதும் பலருக்கு நீலகிரி, கோவைப் பக்கத்து மலைவாசிகள் நினைவுக்கு வருவார்கள். இங்கே பேசுவது சமவெளி இருளர்களைப் பற்றி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் என வட மாவட்டங்களில் ஏரிக்கரை ஓரமும் புறம்போக்கிலும் சின்னச் சின்னக் குடியிருப்புகளாக இருப்பவர்கள். சில இடங்களில் வில்லியர் என்றும் சொல்வார்கள். கும்பிடும் தெய்வம் கன்னியம்மா. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாக வந்து கூடாரம் போட்டு, விடியற்காலையில் மணலில் கன்னியம்மாவுக்குப் படைத்து, அங்கேயே கல்யாணமும் முடிப்பார்கள்.

வயலில் இவர்களுக்கு இருந்த மரியாதை எலியால் வந்தது. நெல் வயலில் எலி வளையைக் கண்டுபிடித்து, அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, வளை வாயில் கவிழ்த்து ஊதுவார்கள். புகையில் எலி மயங்கும். அப்புறம் தோண்டினால் எலியும் கிடைக்கும், எலி சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். இரண்டும் பிடித்தவருக்கே. எலி இருக்கிற வளைக்குப் பாம்பு வரும். ஆக எலி பிடிக்கிறவருக்குப் பாம்பு தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

பாம்புத் தோலுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்ததும் இந்த அறிவுக்கு ஒரு விலை வந்தது. தோல் பதனிடும் கூடங்களுக்கு லட்சக்கணக்கில் தோல் போனது. கைப்பை, செருப்பு, இடுப்புவார் எல்லாம் நம் ஊர்ச் சாரைப் பாம்பும் நாகமும்தான். பிடித்தவருக்குக் கிடைத்தது சில்லறை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. பாம்புக்கு அது நல்ல செய்தி. இருளருக்கோ, நேற்றுவரை பிழைப்பாக இருந்தது ஒரே உத்தரவில் குற்றமாகிவிட்டது. மாற்று வேலை என்ன என்று கேட்க ஆள் இல்லை. பலர் முன்பணம் வாங்கிக்கொண்டு அரிசி ஆலைக்கும் விறகு வெட்டுக்கும் போய், கடன் அடையாமல் குடும்பத்தோடு கொத்தடிமைகளாக மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கதை இன்றும் முழுசாக முடிந்துவிடவில்லை.

இந்த இடத்தில் ரோமுலஸ் விட்டேக்கர் வருகிறார். சென்னையில் பாம்புப் பண்ணையைத் தொடங்கியவர், இருளர்களோடு வயல் வயலாகச் சுற்றியவர். தோலை விற்றால் பாம்பு சாகும், விஷத்தை விற்றால் சாகாது என்ற எளிய கணக்கை வைத்து, அவரும் அவரோடு இருந்த இருளர்களும் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். சங்கம் இருளர்களுடையது, உறுப்பினர்களும் இருளர்கள், பெண்களும் உண்டு. காட்டு உயிரைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி அங்கே இருந்த மனிதரை வெளியேற்றிய கதைகளே அதிகம் கேட்டுப் பழகிய நமக்கு, அதே மனிதரின் அதே திறமையை வைத்து இரண்டையும் காப்பாற்றப் பார்த்த இந்த ஏற்பாடு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பானை, கண்ணாடி, குதிரை

பாம்பு பிடிக்கப் போகிறவர் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு கடப்பாரை, தோளில் துணிப்பை. வரப்பில் நடந்துகொண்டே கண் தரையிலேயே இருக்கும். புழுதியில் பாம்பு போன தடம், முள்ளில் சிக்கிய சட்டை, சுண்ணாம்பு மாதிரி வெள்ளை ஒட்டிய எச்சம், வளை வாயில் மண் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா என்பது, இவற்றையெல்லாம் நடையை நிறுத்தாமலே பார்த்துவிடுவார்கள். நமக்கு எல்லா ஓட்டையும் ஒரே ஓட்டை. அவர்களுக்கு இதில் எலி, இதில் நண்டு, இதில் பாம்பு போய் இரண்டு நாள் ஆச்சு என்று பிரியும். பிறகு கடப்பாரையால் பதமாகத் தோண்ட வேண்டும். வேகமாக இறக்கினால் பாம்பு வெட்டுப்படும். காயம்பட்ட பாம்பைச் சங்கம் வாங்காது.

இந்தத் திறமை ஊர் தாண்டியும் போனது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுக் காட்டுக்குள் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, 2017-ல் இருளர்களான வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் அழைத்துப் போனார்கள். பல வருஷமாக அங்குள்ளவர்கள் திண்டாடிய வேலை. இவர்கள் இருவரும் முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அவர்கள் பார்த்தே இராத பாம்பு, பழக்கமில்லாத சதுப்பு நிலம். தடத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு மண் மாறினால் பெரிய சிக்கல் இல்லை போலிருக்கிறது. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

பிடித்த பாம்பு வடநெம்மேலிக்கு வந்ததும் எடை, நீளம், ஆணா பெண்ணா என்று குறித்துக்கொண்டு மண்பானைக்குள் விடுவார்கள். வாயைத் துணியால் மூடிக் கட்டிவிடுவார்கள். இருட்டும் குளிர்ச்சியும் இருந்தால் பாம்பு அடங்கிக் கிடக்கும், அதற்கு மண்பானையை மிஞ்சிய கூண்டு இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை விஷம் எடுப்பார்கள். குச்சிக் கொக்கியால் வெளியே எடுத்துப் போட்டு, தலையை லேசாக அமுக்கி, தாடைக்குப் பின்னால் இரண்டு விரலால் பிடித்து, வாயில் மெல்லிய தோல் போர்த்திய கண்ணாடிக் கிண்ணத்தைக் கடிக்க விடுவார்கள். கண்ணாடிச் சுவரில் மஞ்சளாக ஒரு துளி வழியும். பார்க்க வந்த கூட்டம் அப்போதுதான் மூச்சு விடும். நாகத்தின் விஷம் பிசுபிசுவென்று வரும், கட்டுவிரியனுடையது கொஞ்சமே கொஞ்சம், தண்ணீர் மாதிரி. சுருட்டை விரியன் தன் செதிலைச் செதிலோடு உரசிச் சரசரவென்று சத்தம் போட்டு மிரட்டும். சத்தத்துக்கும் விஷத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு கிராம் உலர்ந்த விஷம் சேர்க்க நூற்றுக்கணக்கான சுருட்டைகளிடம் எடுக்க வேண்டும்.

இப்படி மூன்று நான்கு வாரத்தில் நான்கு முறை எடுத்ததும் பாம்பைக் கொண்டுபோய் வெளியே விட்டுவிடுவார்கள். அதற்கு முன் வயிற்றுச் செதிலில் ஒன்றைக் கத்தரித்து அடையாளம் செய்வார்கள்.

விஷத்தை உறையவைத்து உலர்த்தினால் தூளாகும். அது ஹைதராபாத்துக்கும் மும்பை, புனே பக்கத்து மருந்து ஆலைகளுக்கும் போகும். அங்கே குதிரைக்கு மிகச் சின்ன அளவில் ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கூட்டி, மாதக்கணக்கில் விஷத்தை ஊசி போடுவார்கள். குதிரையின் உடம்பு விஷத்துக்கு எதிரான புரதத்தைச் சுரக்கும். ரத்தத்தை எடுத்து அந்தப் புரதத்தைப் பிரித்து, சுத்தம் செய்து, உலர்த்திக் குப்பியில் அடைத்தால் சீட்டு ஒட்டிய அந்த வெள்ளைத் தூள் வரும். மதுராந்தகத்து வயலில் கிளம்பிய துளி ஹைதராபாத்துக் குதிரைக்குள் புகுந்து மறுபடி மதுராந்தகத்து ஜி.ஹெச்.சுக்கு வந்து சேர்வது இப்படித்தான்.

63-ஐ 6-ஆல் வகுத்தால்

சீட்டில் இருக்கும் எண்ணுக்கு வருவோம். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷத்தை இறக்குகிறது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராமை முறித்தால், 10 மில்லிக் குப்பி முறிப்பது 6 மில்லிகிராம். 63-ஐ 6-ஆல் வகுத்தால் பத்து குப்பிக்கு மேல் வரும். முதல் தவணையே பத்துக் குப்பி அளவில் தொடங்குவது இதனால்தான். "ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று நினைத்து வருகிற குடும்பம், பத்துக் குப்பி ஏறிய பிறகும் ரத்தம் உறையவில்லை, இன்னும் வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது கலங்கிப்போகிறது.

குழந்தைக்கு அளவைக் குறைக்க மாட்டார்கள். மற்ற மருந்தெல்லாம் எடைக்குத் தகுந்த மாதிரி, இது மட்டும் பெரியவருக்கு எவ்வளவோ அவ்வளவு. கடித்த பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லையே.

ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது பாருங்கள், எனக்கு மருத்துவத்தில் மிகப் பிடித்த சோதனை அது. கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்த்தால், உறைந்திருந்தால் நகராது. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது. மின்சாரம் வேண்டாம், எந்த மெஷினும் வேண்டாம், கடிகாரம் மட்டும் வேண்டும். பிளாஸ்டிக் குழாய் உதவாது, கண்ணாடிதான் வேண்டும்.

இவ்வளவு எளிது என்றால் சின்ன ஆஸ்பத்திரிகளில் ஏன் மருந்தை ஏற்றாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்? காரணம் குதிரை. குதிரைப் புரதம் மனித உடம்புக்கு அந்நியம். சிலருக்கு ஏற்றிய சில நிமிஷத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு திணறி, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். இந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஆள் நின்றால் சமாளிக்கக்கூடியதுதான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரே ஒரு நர்ஸ் இருக்கிற இடத்தில், வெளியே நாற்பது பேர் கூட்டமாக நிற்கும்போது, அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராது. அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஆனால் ஆம்புலன்ஸில் போகிற அந்த ஒரு மணி நேரத்தில் விஷம் சும்மா இருப்பதில்லை.

பாயில் படுத்த பிள்ளைக்கு வயிற்றுவலி

நான்கு பாம்பில் எனக்கு அதிகம் பயம் கட்டுவிரியனிடம். நாகம் படமெடுக்கும், கண்ணாடி விரியன் குக்கர் மாதிரி சீறும், சுருட்டை சரசரக்கும். கட்டுவிரியன் சத்தமே போடாது. பகலில் தொட்டால்கூடச் சோம்பிக் கிடக்கும். ராத்திரி எலியையும் மற்ற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் உடம்பின் மேல் ஊர்ந்து, தூக்கத்தில் புரண்டால் கடிக்கும். கடிவாய் வலிக்காது, வீங்காது, பல் பட்ட இடம்கூடப் பல நேரம் தெரியாது.

விடியற்காலை மூன்று மணிக்குப் பிள்ளை எழுந்து வயிறு வலிக்கிறது என்று அழும். வாந்தி எடுக்கும். ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று ஓம வாட்டர் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணிமை சரியும், தூக்கக் கலக்கம் என்று மறுபடி படுக்க வைப்பார்கள். பிறகு எச்சில் விழுங்க முடியாது, குரல் மாறும், கடைசியில் நெஞ்சு மூச்சை இழுக்காது. நரம்புமுனைகளையே கெடுத்துவிடுகிற விஷம் இது. முடக்கம் வந்த பிறகு எத்தனை குப்பி ஏற்றினாலும் உடனே மீளாது. வென்டிலேட்டரில் நாள்கணக்கில் வைத்து, நரம்புமுனை தானாகத் திரும்ப வளரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே ஏற்றினால் கதையே வேறு. ராத்திரி தரையில் படுத்த குழந்தை வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணிமை சரிந்தால், கட்டுவிரியன் என்று நினைத்துக்கொண்டு ஓட வேண்டும். கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தால் கொசுவும் வராது, இதுவும் வராது. இதைவிட மலிவான பாம்புத் தடுப்பு இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மக்கள் நம்புகிற தடுப்பு வேறு. வாசலில் சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராது என்பார்கள். அந்தச் செடியடியிலேயே சாரைப்பாம்பு படுத்திருந்ததை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். கடித்தவருக்கு வேப்பிலை கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்பார்கள், கசக்கவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டதாம். பயத்தில் வாய் உலர்ந்தவருக்கு என்ன ருசி தெரியும்? கொம்பேறிமூக்கன் கடித்தவரைச் சுடுகாடுவரை தொடர்ந்து போய், மரத்தில் ஏறிப் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்குமாம். பாவம், அது விஷமே இல்லாத மரப்பாம்பு. சாரையும் நாகமும் பின்னிப் பிணைகின்றன என்று துண்டைப் போட்டு வணங்குகிற காட்சியில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், சண்டை போட்டுக்கொண்டிருப்பவை.

இந்த நம்பிக்கைகளை நான் ரசிக்கவே செய்வேன், கடிபட்டவர் பக்கத்தில் இல்லாதவரை. என் பெரியப்பாவைக் கடலைக் கொல்லையில் கண்ணாடி விரியன் கடித்தபோது, கணுக்காலுக்கு மேலே சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறி, பக்கத்து ஊரில் மந்திரிக்கிறவரிடம் கூட்டிப் போனார்கள். அவர் திருநீறு போட்டு, தண்ணீர் ஓதிக் கொடுத்தார். காலையில் சிறுநீர் சிவப்பாகப் போன பிறகுதான் ஆஸ்பத்திரி. பிழைத்தார். ஆனால் கயிறு கட்டின இடத்துக்குக் கீழே சதை அழுகி எடுக்க வேண்டியதாயிற்று, டயாலிசிஸும் கொஞ்ச நாள். விஷம் செய்த கெடுதலில் பாதியைக் கயிறும் பிளேடும் செய்தன என்று டாக்டர் சொன்னதாக அம்மா சொல்வாள்.

மந்திரிக்கிறவருக்கு எப்படிப் பேர் வருகிறது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஊரில் கடிக்கிற பாம்பில் பாதிக்கு மேல் விஷமில்லாதவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில நேரம் விஷத்தை இறக்காது. அவர்களெல்லாம் எதைச் செய்தாலும் பிழைப்பவர்கள். பிழைத்தவர்கள் வந்து பேர் சொல்வார்கள். மற்றவர்கள் வருவதில்லை. மருந்து தேடிய கதையும் இங்கே பழையதுதான். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் யார் பெயர் வைத்திருக்கிறார்களோ, அந்தப் பேட்ரிக் ரஸ்ஸல் சோழமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பாம்பு ஆராய்ந்தவர். 1796-ல் அவர் நூல் வந்தது. அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்குப் புகழ்பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையையும் அவர் சோதித்தார். அதில் பாஷாணம் கலந்திருந்தது.

அடுத்த கேள்வி, மருந்து இருந்தும் எத்தனை பேர் சாகிறார்கள் என்பது. 2000 முதல் 2019 வரையான இருபது வருஷத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக வருஷத்துக்கு 58,000. பாதி மரணம் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழைக்காலத்தில். அதற்கு முன் 2011-ல் வந்த ஆய்வில் என்னை நிறுத்திய எண் வேறொன்று. இறந்தவர்களில் ஆஸ்பத்திரியில் வைத்து இறந்தவர்கள் 23 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் வீட்டிலோ, வயலிலோ, வழியிலோ. போலீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வராத மரணம் அரசுக் கணக்கிலும் வராது. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. அரசு, தனியார் எதுவானாலும் ஒவ்வொரு கடியையும் சுகாதாரத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். எங்கே எத்தனை கடி என்று தெரிந்தால்தான் எங்கே எத்தனை குப்பி என்று முடிவு செய்ய முடியும்.

கடித்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நேரம் ஆகாது. கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், மெட்டி, வளையலைக் கழற்றுங்கள், வீங்கினால் கழற்ற முடியாது. கையையோ காலையோ எலும்பு முறிந்தால் கட்டுவது போல மட்டை வைத்து அசையாமல் வையுங்கள், நடக்க விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், வரத் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்காரவைத்தாவது கொண்டுபோங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டியதில்லை. நான்குக்கும் ஒரே மருந்துதான், அடிக்கப் போகிறவருக்கு இரண்டாவது கடி கிடைக்கும்.

ஒரே மாவட்டத்து விஷம்

வடநெம்மேலியில் பெருமைப்பட வேண்டியது நிறைய இருக்கிறது. அதே பெருமைக்குள் ஒரு சிக்கலும் இருக்கிறது. நாகம் என்றால் எல்லா ஊரிலும் ஒரே நாகம் இல்லை. என்ன தின்கிறது, என்ன மண், என்ன வெயில் என்பதைப் பொறுத்து ஒரே இனத்தின் விஷமே இடத்துக்கு இடம் மாறுகிறது. செங்கல்பட்டு வட்டாரத்துப் பாம்பின் விஷத்தைக் குதிரைக்குப் போட்டு எடுத்த மருந்து ராஜஸ்தான் பாலைவனத்துப் பாம்புக்கும் அதே பலத்தோடு வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் ஆய்வுக்கூடம் பல மாநிலத்துப் பாம்புகளைச் சோதித்து, சில இடத்து விஷத்துக்கு மருந்து போதாமல் போவதைக் காட்டியது. நான்கைத் தாண்டிய பாம்புகளும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் காபி, ரப்பர்த் தோட்டங்களில், மூக்கு நுனி மேலே தூக்கிய ஒரு சின்னக் குழிவிரியன் கடிக்கிறது. நம் குப்பியில் அதற்கு மருந்து இல்லை. இலங்கையோ இந்தியாவிலிருந்து இதே மருந்தை இறக்குமதி செய்துகொள்கிறது.

அப்படியானால் ஒவ்வொரு வட்டாரத்திலும் விஷம் எடுக்க வேண்டும். சரி, பிடிப்பது யார்? ராஜஸ்தானிலும் அசாமிலும் பாம்பு இருக்கிறது. சட்டப்படி, சங்கமாக, தலைமுறை அறிவோடு பிடித்து, விஷம் எடுத்து, உயிரோடு திரும்ப விடுகிற ஏற்பாடு இங்கே வளர்ந்த மாதிரி அங்கே வளரவில்லை. குதிரையே வேண்டாம் என்று ஆய்வுக்கூடத்திலேயே எதிர்ப்புப் புரதம் செய்யும் முயற்சியும் நடக்கிறது. அதே இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் 2024-ல் ஒன்றை எலிகளில் காட்டின. நல்ல செய்தி. ஆனால் அது ஜி.ஹெச். பீரோவுக்கு வரும்வரை கடப்பாரைதான்.

அந்தக் கடப்பாரைக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது. சங்கத்தில் முந்நூறுக்கும் மேல் உறுப்பினர்கள் உண்டு. எந்த இனத்தில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் பிடிக்க முடியாது. உத்தரவு தாமதமானால் அதுவரை வேலையே இல்லை. பிடித்த பாம்புக்கு இவ்வளவு என்று கூலி, நாகத்துக்கும் கண்ணாடி விரியனுக்கும் அதிகம், சுருட்டைக்குக் குறைவு. பாம்பு கிடைக்காத நாளில் வீட்டுக்கு ஒன்றும் வராது. விருது டில்லியில் கொடுக்கலாம், அந்த நாளுக்கு அரிசி யார் கொடுப்பது? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், போகத்தான் வேண்டும். வரப்பில் அப்பாவோடு பத்து வயசிலிருந்து நடந்து கற்றுக்கொண்ட கண், வார விடுமுறைக்கு வந்து நடந்தால் வராது. வரப்பும் குறைந்துகொண்டே போகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் இடையே நெல் வயலாக இருந்தது இன்று கல் நட்ட மனை. எலியும் பாம்பும் அங்கேயேதான் இருக்கின்றன, புது வீட்டின் கழிவுநீர்த் தொட்டிக்குப் பின்னால். புதிதாகக் குடிவந்தவர் நாகத்தைக் கண்டால் கூப்பிடுவது தீயணைப்புத் துறையை.

நான்காவது தடவை விஷம் எடுத்து முடித்த பாம்பைப் பையில் போட்டு ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். பையின் வாயை அவிழ்த்துக் கவிழ்த்தால், சில நொடி அப்படியே கிடந்துவிட்டு, புல்லுக்குள் நுழைந்து போய்விடும். அடுத்த சில மாதத்தில் வேறு யாராவது ஒரு வளையில் அதைப் பிடித்தால், முதலில் திருப்பி வயிற்றைப் பார்ப்பார். கத்தரித்த செதில் இன்னும் முழுசாக வளரவில்லை என்றால், இது போன தடவைதான் கொடுத்துவிட்டுப் போனது என்று அப்படியே கீழே விட்டுவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு அடுத்த வரப்புக்கு நடப்பார்.